சுருதியை ஏற்றிவிடும் எண்

வீட்டுக்குள் ஒரு ஸ்டுடியோ - 6

ஒரு கட்டை சுருதியில் பாடிப் பதிவு செய்த பாட்டு. மிக்சிங் செய்பவரின் கணினியில் ஓடவிட்டால் குரல் கீச்சென்று ஏறியிருக்கிறது. தம்புராவும் கூடவே ஏறியிருக்கிறது. சுருதிப்பெட்டியை வைத்துப் பார்த்தால், ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடுகிறது.

பாட்டில் யாரும் கை வைக்கவில்லை. 44,100 என்ற கணக்கில் பதிவானதை, 48,000 என்று வைத்திருந்த இயந்திரம் தன் வேகத்தில் வாசித்துவிட்டது.

இந்த எண்ணுக்கு சாம்பிள் ரேட் என்று பெயர். ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து குறித்துக்கொள்வது என்பதுதான் அது. மனிதக் காது கேட்கும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைத் தவறாமல் பிடிக்க, இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக அளந்தால் போதும். சரி, 40,000க்கு மேல் என்றால் ஏன் இப்படி ஒரு ஒழுங்கற்ற 44,100?

காரணம் வீடியோ டேப். 1970களில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்கு இடமிருந்தது அதில்தான். ஒரு கோட்டுக்கு 3 அளவுகள், திரையில் 245 கோடுகள், நொடிக்கு 60 முறை. பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 முறை, விடை அதேதான். 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடியும் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டது. சினிமா, வீடியோ உலகம் 48,000 பக்கம் போனது. அந்தப் பழைய பிரிவினை இன்றும் மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் பக்கத்திலேயே பிட் டெப்த். ஒவ்வொரு அளவையும் எத்தனை நுணுக்கமாகக் குறிப்பது என்பது இது. 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் 1.67 கோடிக்கும் மேல். 24ஐத் தேர்ந்தெடுத்தால் குரலைச் சற்றுத் தணிவாகவே பதியலாம்; திடீரென்று மேல்ஸ்தாயியில் கமகம் எடுத்தாலும் ஒலி உடையாது.

மூன்றாவது, பஃபர். கணினி ஒரு தடவைக்கு எத்தனை அளவுகளைச் சேர்த்துக் கையாள்கிறது என்பது இது. பாடுபவர் நேரடியாக உணர்வது இதைத்தான். சாம்பிள் ரேட் 44,100 ஆக இருக்க, பஃபரை 1,024 என்று வைத்தால் குரல் உள்ளே போக 23 மில்லி நொடி, ஹெட்போனுக்குத் திரும்ப இன்னொரு 23. பதினாறு மீட்டர் தள்ளி நின்று பாடுபவரைக் கேட்பது போல இருக்கும்; தாளம் எப்படி நிற்கும்? 128க்கு இறக்கினால் அந்தத் தூரம் இரண்டு மீட்டராகச் சுருங்கும். ஆனால் கணினிக்கு மூச்சு வாங்கும். படபடவென்று பொரிகிற சத்தம் வந்தால் ஒரு படி ஏற்ற வேண்டியதுதான். விண்டோஸில் பாடுவதென்றால் சாதாரண டிரைவரை விட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸுடன் வரும் ஆசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் தாமதம் வெகுவாகக் குறையும்.

பஃபரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்: பாடும்போது 128, மிக்சிங்கில் 1,024. சாம்பிள் ரேட்டை மட்டும் முதல் டேக்குக்கு முன்பே முடிவு செய்து, மென்பொருளிலும் இன்டர்ஃபேஸிலும் ஒன்றாக வைத்துவிடுங்கள். கோப்பை வெளியே அனுப்பும்போது அதன் பெயரிலேயே சாம்பிள் ரேட்டையும் பிட் டெப்த்தையும் 48-24 என்பதுபோலச் சேர்த்து எழுதுங்கள்.

(தொடரும்)