டயரின் வயதும் வண்டியின் சுமையும்

கன்னியாகுமரி மாவட்டத்து இனயம் கடற்கரையிலும் அதனை அடுத்த தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்திலும் ஏலம் முடிந்த பின், பனிக்கட்டியிட்டு நிரப்பிய மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, சில திருவனந்தபுரத்துச் சந்தைகளை நோக்கியும், சில ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலிச் சீமையை நோக்கியும் விரைகின்ற டெம்போக்களைக் காண்பவர்க்கு, மீனின் விலையைப் பற்றியும் எஞ்சினின் வலிமையைப் பற்றியும் பேசத் தோன்றுமேயன்றி, அத்தனை பாரத்தையும் ஏந்திக்கொண்டு தரையில் ஏறக்குறைய உள்ளங்கையகலமே பதிந்து ஓடுகின்ற டயர்களைப் பற்றிப் பேசத் தோன்றுவதில்லை. ஓட்டுநரின் உயிரும், எதிரே வருகின்ற முகமறியாத மனிதரின் உயிரும் அந்தச் சிறு ஸ்பரிசத்தை நம்பியே இருக்கின்றன என்பதை எண்ணும்போது, டயர் வாங்குவதை வெறும் விலை பேசுகிற காரியமாக விட்டுவிட என் மனம் இசைவதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தவர்க்கு இவ்விஷயத்தில் ஒரு தனி உரிமையும் உண்டு. தமிழ்நாட்டில் ரப்பர் விளையும் மண் பெரும்பாலும் இம்மாவட்டத்து மலைச்சரிவுகளே. குலசேகரத்தைச் சூழ்ந்த தோட்டங்களிலும், 1984ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசு ரப்பர் கழகத்தின் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு முதலிய பகுதிகளிலும் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வைகறையில் சேகரிக்கும் பால், ஷீட்டாகி, ஆலைகளை அடைந்து, டயராகத் திரும்பி வருகிறது. கார் டயரில் செயற்கை ரப்பரை மிகுதியாகச் சேர்ப்பதுண்டு. பாரம் சுமக்கும் லாரி டயரிலோ இயற்கை ரப்பரே பெரும்பங்கு வகிக்கிறது. அதற்குக் காரணம், அது ஓயாது வளைந்து நிமிரும்போதும் குறைந்த உஷ்ணத்தையே உண்டாக்குகிறது என்பதும், எளிதில் கிழிவதில்லை என்பதுமே. சுமை வண்டியின் டயருக்குப் பரம விரோதி உஷ்ணம் என்பதை இந்த ஒரு செய்தியிலிருந்தே வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த உஷ்ணம் எங்கிருந்து வருகிறது? சாலையின் வெயில் ஓரளவுக்கே காரணம். காற்றுக் குறைந்த டயர், ஒவ்வொரு சுழற்சியிலும் தன் பக்கச்சுவரை அளவுக்கு மீறி மடித்து விரிக்கிறது. அம்மடிப்பில் விரயமாகும் சக்தியெல்லாம் உஷ்ணமாக மாறி உள்ளேயே தங்குகிறது. தங்கிய உஷ்ணம் எஃகுக் கம்பிப் பட்டைக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்த, ஒருநாள் மேற்பட்டை முழுதுமே உரிந்து பறக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்ததும், இவ்வாறு பட்டை பிரிந்த விபத்துகளில் 200க்கு மேற்பட்டோர் மாண்டதும் உலகறிந்த செய்தி. தயாரிப்பிலிருந்த குறையோடு, குறைந்த காற்றழுத்தமும், வேகமும், கோடையும் கூடியபோதே அவ்விபத்துகள் மலிந்தன. இழுத்துச் செல்லப்படும் வண்டிகளில் அபாயம் இன்னும் அதிகம்; பின்னே வரும் சக்கரத்தில் காற்று இறங்குவதை முன்னே அமர்ந்திருப்பவரின் ஸ்டியரிங் உணர்த்துவதேயில்லை. ஆகையால், விடியற்காலையில், வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும் வேளையிலேயே காற்றை அளந்து நிரப்ப வேண்டும். நடுவழியில் சூடேறி அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவது பெருந்தவறு.

இனி, அனேகர் கவனிக்காத வயதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலைநாடுகளில் குடும்பத்தினர் தங்கள் காருக்குப் பின்னே வீடு போன்ற வண்டியொன்றைப் பூட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைப் பிரயாணம் செய்கிறார்கள். அவ்வண்டி ஆண்டின் பெரும்பகுதி கொல்லையில் நின்றுவிட்டு, கோடையில் முழுப் பாரத்தோடு நெடுஞ்சாலைக்கு வருகிறது. அதன் டயர்கள் தேய்ந்து சாவது அரிது. தரையில் பதியும் பட்டன் புதிதுபோல் இருக்கையிலேயே முதுமையடைந்து வெடிக்கின்றன. நம் கடற்கரையிலும் இதற்கு ஒப்பான நிலைமை உண்டு. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் ஓய்ந்தால் அவற்றை நம்பிய வண்டிகளில் பலவும் ஓய்ந்து நிற்கின்றன. டயர் ஓடும்போது, ரப்பரில் கலந்துள்ள மெழுகும் காப்பு இரசாயனங்களும் அதன் அசைவினால் மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, காற்றிலுள்ள ஓசோன் அரிக்காமல் காக்கின்றன. நிற்கும் டயருக்கு அப்பாதுகாப்பு குன்றிவிட, பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. கடலின் உப்போ ரப்பரைவிட இரும்பையே பெரிதும் தாக்குகிறது. ரிம்மின் விளிம்பு துருவேறினால் ட்யூப்லெஸ் டயரில் காற்று மெல்ல மெல்லக் கசியும். டயரில் ஆழமான வெட்டு இருந்தால் உப்புநீர் அதன் வழியே உள்ளிருக்கும் கம்பியையும் சென்றடையும். மீன்பெட்டியிலிருந்து வடியும் நீர் சக்கரத்தின் மேலேயே சொட்டுகிற வண்டிகளை நினைத்தால் இந்தக் கவலை மிகுகிறது. நல்ல தண்ணீரால் அன்றன்று கழுவிவிடுவது சிறிய சிரமம்.

வயதை அறிய வழி எளிது. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எழுத்துகளின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; முதலிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 3124 என்றிருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில், அதாவது ஜூலை இறுதியில் உருவானது. சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்குமாதலால், வண்டியின் உட்புறமாகக் குனிந்தும் பார்க்க வேண்டும். 6 ஆண்டுகளில் மாற்றிவிடும்படி வாகன நிறுவனங்கள் சில அறிவுறுத்துகின்றன. பிரிட்டனில் 2021 பிப்ரவரி முதல், 10 ஆண்டைக் கடந்த டயர்களை லாரி, பஸ்களின் முன்சக்கரங்களில் பூட்டுவதே சட்டவிரோதம். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று நம் நாட்டு விதி கூறுகிறது. அது அவசியமே, எனினும் ஆழமான பட்டன் இளமைக்கு அத்தாட்சியாகாது.

தேர்வில் முதலிடம் பெற வேண்டியது சுமைத்திறன். அளவுக்குப் பின்னே ஒரு குறியீட்டு எண் காணப்படும்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோகிராமையும், 97 என்றால் 730 கிலோகிராமையும், 100 என்றால் 800 கிலோகிராமையும் தாங்கும். இரு சக்கரங்கள் கொண்ட ஓர் இழுவண்டி, தன் எடையும் சேர்ந்து 1,200 கிலோகிராம் இருக்குமானால், 91 கணக்குக்குச் சரியாக இருந்தும் கருத்துக்குச் சரியாகாது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சிக்கும், ஒரு பக்கமாகச் சாயும் பாரத்துக்கும் இடம்விட்டு 97ஐயோ அதற்கு மேலானதையோ நாட வேண்டும். மீன் வியாபாரத்தில் இந்தக் கணக்கு பிழைபடும் இடம் பனிக்கட்டி. உஷ்ண தேசத்தில் மீனைக் கெடாமல் காக்க, மீனின் எடைக்கு ஈடான பனிக்கட்டி வேண்டும் என்பது பொதுவான விதி. மீனை மட்டும் நிறுத்துப் பார்த்து, பனிக்கட்டியை நிறுக்க மறந்தவர், சுமையில் பாதியை மறந்தவராகிறார்.

நைலான் டயரா, ரேடியலா என்ற வினாவுக்கு, கல்லும் குழியுமான கரையோரப் பாதையில் குறுகிய தூரமே ஓடும் வண்டிக்கு முன்னது போதும், நெடுந்தூரம் விரையும் வண்டிக்குச் சூடு குறைந்த பின்னதே உகந்தது என்பது என் முடிவு. ஒரே அச்சில் இரண்டையும் கலப்பது கூடாது. ரீட்ரெட் செய்த டயரை, அதன் அடிக்கூடு இளமையும் பழுதின்மையும் உடையதாயிருந்தால் பின்சக்கரத்துக்கு ஏற்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத டயரை எந்த விலைக்கும் ஏற்கலாகாது.

வண்டி உடையவர்கள், ஜூலை மாதக் கடைசி வாரத்தில், தடைக்காலம் முடிந்து வண்டி எடுக்குமுன், ஒவ்வொரு டயரின் நான்கு இலக்கங்களையும் படித்துப் பார்த்து, வயது கடந்ததை மாற்றிவிட வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். ஒருநாளும் ஓடாததால் புதிதாகவே தோன்றும் ஸ்டெப்னியையும் அவசியம் பாருங்கள். வண்டியிலுள்ள டயர்களிலெல்லாம் மூத்தது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.