புதியவனும் பழையவனும்

மாலை வேளையிலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியின் முன் அமர்ந்திருந்த மகன், திடீரென முகம் வாடி எழுந்து போவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். ஆட்டத்திலே தோற்றுவிட்டான் போலும் என்று எண்ணித் தம் வேலையைப் பார்ப்பர். அவனை வருத்தியது தோல்வியாக இல்லாமலும் இருக்கலாம். முகம் அறியாத எவனோ ஒருவன் அவனை "நூப்" என்று இகழ்ந்து, ஆட்டத்தை விட்டுப் போகும்படி ஏசியிருக்கக் கூடும். புதிதாக வந்தவனைக் குறித்த ஆங்கிலச் சொல்லின் சிதைவே இந்த நூப். இன்று அது வசைச்சொல்.

இணையவழியிலே பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில், பழையவர்கள் புதியவர்களை நடத்தும் விதம் எங்கும் ஒன்றாக இல்லை. ஆடுவோரின் குணம் அதற்கு ஓரளவே காரணம் என்பது எமது எண்ணம். புதியவன் வருவதனால் பழையவனுக்கு ஆதாயமா, நட்டமா என்பதே பெரும்பாலும் அதனைத் தீர்மானிக்கிறது.

1997 செப்டெம்பரில் அமெரிக்காவிலே வெளிவந்த "அல்ட்டிமா ஒன்லைன்" இதற்கு நல்ல சாட்சி. பிரிட்டானியா என்னும் கற்பனை நாட்டிலே ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே உலாவினர். நகரங்களுக்குள்ளே காவலர் உண்டு. அப்பால் எவரும் எவரையும் வெட்டி வீழ்த்தலாம், பிணத்தின்மேல் உள்ள பொருளையும் எடுத்துச் செல்லலாம். சுரங்கத் தொழில் செய்து பிழைக்கலாம் என்று வந்த புதியவன், நெடுநேரம் தோண்டிய உலோகத்தைச் சுமந்து திரும்பும் வழியிலே கொள்ளையரிடம் அகப்பட்டான். அவனைக் கொல்வது எளிது. கொன்றால் கைநிறையப் பொருளும் கிடைக்கும். பிறகு கேட்பானேன்! கொலைஞருக்குப் பழிப்பெயர் சூட்டியும், தண்டனை விதித்தும் பார்த்தார்கள், பயன் போதவில்லை. ஈற்றில், 2000ஆம் ஆண்டிலே அவ்வுலகத்துக்கு ஓர் இரட்டையைப் படைத்தனர். ட்ரமெல் என்ற உலகிலே இசைவின்றி ஒருவர் மற்றவரைக் கொல்ல முடியாது. ஃபெலூக்கா என்ற உலகிலே பழைய வழக்கம் தொடர்ந்தது. பெரும்பாலானோர் ட்ரமெலுக்கே குடிபெயர்ந்தனர். அச்சமற்ற உலகிலே வீரத்துக்கு வேலை ஏது என்று இன்றும் வாதிடும் பழையவர்கள் உளர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட எம்மாலும் முடியவில்லை. ஆயினும், இரையாகிறவன் அதனைச் சொல்லக் கேட்டதில்லை.

2009இல் வந்த "லீக் ஒஃப் லெஜன்ட்ஸ்" ஆட்டத்திலோ எதிரியைக் காட்டிலும் தன் பக்கத்தவரே புதியவனை ஏசுவர். ஐவர் ஐவராகப் பொருதும்போது ஒருவன் வீழ்ந்தால் எதிரிக்குப் பொன் சேரும். அவன் பிழையால் மற்றை நால்வருக்கும் அரை மணிநேரம் வீணாகும். ஏசுபவரின் செய்திகள் தோன்றாமல் அடைத்துவிடும் வசதி ஆட்டத்திலேயே உண்டு. அதனைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நன்று.

ஜப்பானிய நிறுவனமான ஸ்குவெயர் எனிக்ஸ், 2013இல் புதுப்பித்து வெளியிட்ட "ஃபைனல் ஃபான்டசி 14" வேறு வழி கண்டது. அங்கே புதியவனின் பெயரருகே ஓர் இளந்தளிர்ச் சின்னம் தோன்றும். நால்வர் கூடி ஒரு நிலவறைக்குள் இறங்கும்போது, அவர்களுள் ஒருவருக்கு அவ்விடம் முதன்முறை என்றால் எல்லார்க்கும் அறிவிப்பு வரும். வென்று மீண்டால் மேலதிக வெகுமதியும் உண்டு. வழி தெரியாதவன் வந்துவிட்டானே என்று சலித்திருக்க வேண்டியவர்கள் அவன் வரவால் மகிழ்கிறார்கள்.

2016இலே வழிகாட்டிகளுக்கு முடிச் சின்னமும், புதியவர் ஐயம் கேட்பதற்குத் தனி உரையாடல் வழியும் ஏற்படுத்தினர். வழிகாட்டியாகப் பிறருடன் 2000 தடவை இறங்கி வென்றவருக்கு அரிய ஊர்தி ஒன்று கிடைக்கும். அதற்காகவே முடி சூடி, ஒரு வார்த்தையும் கற்பிக்காதவரும் இருக்கவே செய்கிறார்கள். அவர்களைச் சக ஆட்டக்காரரே கேலி செய்வர். எனினும், ஊர்தி ஆசையால் வந்தவனாயினும் அவன் வாள் வாள்தானே. இருண்ட நிலவறையிலே தளிருக்கு ஒரு துணை கிடைத்துவிடுகிறது.