அட்டைக்குள் இருப்பது எந்தக் குளவி?

கரும்பில் இடைக்கணுப் புழுவுக்குக் கட்டும் ஒட்டுண்ணி அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கருத்த முட்டைகள். ஒரு சிசிக்கு ஏறக்குறைய 18,000 முதல் 20,000. அரிசி அந்துப்பூச்சியின் அந்த முட்டைகளுக்குள் வளர்வது ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே இருக்கும் டிரைக்கோகிரம்மா குளவி. ஹெக்டேருக்கு 2.5 சிசி, 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை என்று பரிந்துரை கறாராக இருக்கிறது. அட்டையில் எழுதிய 'கைலோனிஸ்' என்ற இனப்பெயருக்குத்தான் உத்தரவாதம் இல்லை. மரபணுக் குறியீட்டால் அவ்வப்போது இனத்தைச் சரிபார்க்காத உற்பத்திக்கூடம், முத்திரை பார்க்காத எடைக்கல்லில் நிறுப்பதற்குச் சமம் என்பேன்.

இந்தக் குளவிகளில் பெண்ணைப் பார்த்து இனம் சொல்வது ஏறக்குறைய முடியாத காரியம். ஆணின் பிறப்புறுப்பே நம்பகமான அடையாளம் என்பதை 1971இல் விரிவாகக் காட்டியவர்கள் சுதா நாகர்கட்டியும் ஹெச். நாகராஜாவும். அதற்கு முன் கைலோனிஸ் இந்தியாவில் 'ஆஸ்திரேலிகம்' என்ற தவறான பெயரில் உலவியது. பெயர் எதுவானால் என்ன, முட்டையை அழித்தால் போதாதா? போதாது. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பெயர்க் குழப்பம் பல பத்தாண்டுகளைத் தின்றது. செதில் பூச்சியை அழிக்கும் ஆஃபைட்டிஸ் குளவிகளைக் கீழை நாடுகளில் கண்டவர்கள், 'நம்மிடம் இருப்பதுதானே' என்று விட்டுவந்தார்கள். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் அவற்றில் மெலினஸ் என்ற இனம் போய்ச்சேர 1950களின் பிற்பகுதி ஆயிற்று. அங்கே கைகொடுத்தது அதுதான்.

இன்று ஒரே ஒரு பெண் குளவி போதும். ஐடிஎஸ்-2 என்ற மரபணுத் துண்டின் நீளம் பல இனங்களில் வேறுபடும். பிசிஆரில் பெருக்கி ஜெல்லில் ஓட்டினால் பட்டை நிற்கும் இடமே பேசும். நீளம் ஒத்துப்போனால் எழுத்து வரிசையைப் படிக்க வேண்டும். இதுவும் எப்போதும் போதாது. அமெரிக்காவின் மினூட்டம், பிளாட்னெரி என்ற டிரைக்கோகிரம்மா இனங்கள் இரண்டையும் ஐடிஎஸ்-2 பிரித்துக் காட்டுவதில்லை; அவை கலந்து கூடினாலோ பெண் குஞ்சுகள் தேறுவதில்லை. பூச்சி முட்டையைத் துளைப்பது பெண்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டைத் துணைக்கு அழைத்தால், தாய்வழி பரவும் வொல்பாக்கியா பாக்டீரியா அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். ஆகவே ஒன்றுக்கு இரண்டு குறியீடுகள் வேண்டும். ஒப்பிடும் மாதிரிக்குச் சரியான பெயர் வைக்க வகைப்பாட்டியலாளரும் வேண்டும்.

அட்டை தோற்பது வெயிலாலும் எறும்பாலும் மறுநாளே அடிக்கும் மருந்தாலும்தான் என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் கரும்புக்கான கைலோனிஸும் நெல்லுக்கான ஜப்பானிக்கமும் ஒரே கூடத்தில், ஒரே அந்துப்பூச்சி முட்டையில் வளர்கின்றன. இரண்டு தட்டுகளுக்கும் இடையே இருப்பது ஒரு துணித் திரை.