காசை விழுங்கிக் கேள்வி கேட்கும் பெட்டி

பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆபீசுகளிலும் வாரக் கூலி கைக்கு வருகிற சனிக்கிழமைச் சாயங்காலத்தில், விரலிடுக்கில் ஒட்டிய மருந்தின் வெள்ளிப் பூச்சு சோப்புக்கும் போகாமல் மினுங்க, பலசரக்குக் கடைப் பாக்கியை மனத்துக்குள் கூட்டிக் கழித்தபடி வீடு திரும்பும் தாய்மாரின் முந்தானையைப் பற்றிக்கொண்டு வந்த பிள்ளைகள், அவர்களிடம் கெஞ்சி வாங்கிய ஒற்றை நாணயத்தோடு ஓடிச் சென்று நின்ற இடம், எங்கள் தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன்பு, பெட்டிக்கடை வாசலில் தொங்கிய பிரைஸ் அட்டைதான். தடித்த அட்டை ஒன்றில் மடித்து ஒட்டிய சிறு சிறு சீட்டுகள். அதன் தலைமாட்டில் கண்ணைப் பறிக்கும் பொம்மைக் கைக்கடிகாரம், விசில், சீப்பு, பலூன். காசைக் கொடுத்துச் சீட்டொன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண். அந்த எண்ணுக்கு உரிய பொருள் கிழித்தவனுக்கு. பெரும்பாலான எண்களுக்கு உரிய பொருள் ஒரு புளிப்பு மிட்டாய், அல்லது கடைக்காரரின் அனுதாபம்.

சூதாட்டம் என்று இதைச் சொல்லிவிடலாம். திருவள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆயினும் அந்த அட்டையின் முன் நின்ற சிறுவர் சிறுமியரிடம் ஒரு நீதிசாஸ்திரம் இருந்தது என்பதை நான் இப்போதுதான் உணர்கிறேன். கைக்கடிகாரம் அட்டையை விட்டுப் போய்விட்டால் மீதிச் சீட்டுகளை எவரும் கிழிப்பதில்லை. எத்தனை சீட்டு பாக்கி, எந்தெந்தப் பரிசு பாக்கி என்பது எல்லோர் கண்ணுக்கும் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. ஆகவே தோற்பவன் தன் துரதிர்ஷ்டத்தைத்தான் நொந்தானேயன்றி அட்டையை நொந்ததில்லை. கடிகாரம் இருக்கும் சீட்டு எதுவென்று கடைக்காரருக்கு முன்கூட்டியே தெரியுமோ என்ற சந்தேகம் மாத்திரம், எந்தக் காலத்திலும் தீராத சந்தேகமாக, ஊர்ப் பிள்ளைகள் மத்தியில் உலவிக்கொண்டே இருந்தது.

இந்தப் பழைய ஞாபகம் எழுவதற்குக் காரணம், இங்கிலாந்தில் ‘பப்’ என்று வழங்கும் மதுச்சாலைகளில் ஒரு காலத்தில் மூலைக்கு மூலை நின்ற வினாடி வினாப் பெட்டிகள். நம் ஊர்ச் சாராயக்கடையை நினைத்துக்கொண்டு அந்த மதுச்சாலையைக் கற்பனை செய்தால் பிசகிவிடும். அது பாதி டீக்கடை, பாதி ஊர்ச் சாவடி. 1980-களில் அங்கே பிரவேசித்த இந்தப் பெட்டி, நாணயத்தைப் போட்டதும் திரையில் ஒரு கேள்வியையும் அதன் கீழே சில விடைகளையும் காட்டும். சில விநாடிகளுக்குள் சரியான பொத்தானை அழுத்தவேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லப் படி ஏறி, குறிப்பிட்ட படியை எட்டினால் உள்ளிருந்து காசு கொட்டும். பக்கத்திலேயே நிற்கும் பழப்படம் சுழலும் சூதாட்டப் பெட்டிக்கு அந்நாட்டுச் சட்டம் ஆயிரம் கட்டுப்பாடுகளை விதித்திருக்க, இந்தப் பெட்டியோ ‘திறமைக்குப் பரிசு’ என்ற வர்க்கத்தில் சேர்ந்து, சூதாட்டச் சட்டத்தின் வாசலுக்கு வெளியிலேயே கௌரவமாக நின்றுகொண்டது. பரிசைத் தீர்மானிப்பது அதிர்ஷ்டமன்று, அறிவு என்பது அதன் வாதம்.

அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும்? பெட்டியை வைத்தவர் தர்மசத்திரம் நடத்துபவர் அல்லர். விழுந்த காசில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து, மீதியைத் தக்கவைத்துக்கொண்டால்தான் அவருக்கு ஜீவனம். பழப்படப் பெட்டிக்கு இது சுலபம். கணக்குப் போட்டுச் சுழன்றால் போதும். கேள்விப் பெட்டிக்கோ ஒரு சங்கடம் உண்டு: விஷயம் தெரிந்த மனிதன் ஒருவன் வந்து நின்றால் அவன் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிவிடுவான். உண்மையாகவே அப்படிச் சிலர் வந்தார்கள். ஊர் ஊராக, மதுச்சாலை மதுச்சாலையாகச் சென்று, பெட்டியில் வரும் கேள்விகளை மனப்பாடம் செய்து, அதையே ஒரு தொழிலாகக் கொண்டு பெட்டிகளைக் காலி செய்தார்கள். அதற்குப் பரிகாரமாகப் பெட்டி ஒரு யுக்தியைக் கைக்கொண்டது. அண்மையில் பரிசு கொடுத்திருந்தால், அடுத்து வருபவன் ஏறவேண்டிய படிகளைக் கூட்டிவிடும். அல்லது, எளிய கேள்விகளை உள்ளே இழுத்துக்கொண்டு, ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஓர் ஆண்டில் நடந்த கால்பந்துப் போட்டியில் இரண்டாவது கோல் போட்டவன் யார் என்பதுபோன்ற கேள்வியை நீட்டிவிடும். பெட்டி நிறைந்திருக்கும்போது அதே மனிதனுக்கு அதே பெட்டி கருணாமூர்த்தி.

என் அபிப்பிராயத்தில் நியாயப் பிரச்சினை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் குடிகொண்டிருக்கிறது. கேள்வி கடினமாக இருப்பது அநியாயம் ஆகாது. பரிசு சொற்பமாக இருப்பதும் அநியாயம் ஆகாது. முதல் நாணயம் போட்டவனுக்கும் நூறாவது நாணயம் போட்டவனுக்கும் கேள்வியின் பாரம் வேறாக இருக்கிறது, அது வேறாக இருக்கிறதென்பது போட்டவனுக்குத் தெரியாமலும் இருக்கிறது என்றால், அப்போது அவன் அறிவைக் கொண்டு ஆடவில்லை. தனக்கு முன்னே வந்தவன் எவ்வளவு தோற்றான் என்கிற, தன் கண்ணில் படாத ஒரு தொகையைக் கொண்டு ஆடுகிறான். அறிவு என்பது அங்கே, சர்க்கஸ் கூடாரத்தின் வாசலில் மேளம் அடிப்பவனைப்போல, கூட்டத்தை உள்ளே அழைக்க மட்டும் பயன்படுகிறது.

இந்தத் தந்திரத்தை முதலில் கண்டுபிடித்தது மின்சாரப் பெட்டியன்று, காகிதம்தான். குறுக்கெழுத்துப் போட்டி என்ற பெயரில் நம் பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் பரிசுகளை அறிவித்து, நுழைவுக் கட்டணத்தோடு விடைகளை வரவழைத்த காலம் ஒன்று இருந்தது. ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா என்பவர் பெங்களூரிலிருந்து வெளியிட்டுவந்த ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்ற வாரப் பத்திரிகையின் போட்டி, பம்பாய் அரசாங்கத்தோடு வழக்காகி, உச்ச நீதிமன்றம் வரை வந்து, 1957-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பைக் கண்டது. அவ்வகைப் போட்டியின் சூட்சுமம் இப்படி: ‘கலியாணப் பெண்ணுக்கு எடுப்பாக இருக்கவேண்டியது’ என்று குறிப்புக் கொடுத்து, ‘டை’ என்ற ஈற்றெழுத்தை மாத்திரம் காட்டி முன்னே ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால், சடையும் பொருந்தும், உடையும் பொருந்தும், நடையும் பொருந்தும். மூன்றில் எது சரி என்பதை அகராதி தீர்மானிப்பதில்லை. போட்டி நடத்துபவர் முன்னரே உறையிலிட்டு முத்திரை வைத்த விடை தீர்மானிக்கிறது. தமிழில் மகா பண்டிதரும் அங்கே மூன்றில் ஒரு பங்கு மனிதர்தாம். உச்ச நீதிமன்றம் இதைச் சூதாட்டம் என்றே தீர்த்தது. அதே நாளில் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மெய்யாகவே திறமையைச் சார்ந்த போட்டிக்கு 1955-ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிச் சட்டம் பொருந்தாது என்றும் சொல்லிவைத்தது. திறமை வேறு, யூகம் வேறு என்று நம் நாட்டில் பிறகு நெடுங்காலம் கிழிக்கப்பட்டுவந்த கோட்டுக்கு ஆதாரப் புள்ளி அதுதான். நமது மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டத்துக்கு விலக்கு அளித்திருந்தது. 1996-இல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், சென்னை கிண்டிக் குதிரைகளைப் பற்றிய விவகாரத்தில், குதிரைப் பந்தயமும் திறமையின் பாற்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது, கோடு எவ்வளவு தூரம் வளையும் என்பதை நாடு கண்டது. (குதிரையின் திறமையா, பணம் கட்டுபவனின் திறமையா என்று எங்கள் ஊர் டீக்கடையில் அன்று எவரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.)

காசு போட்டு ஆடும் இயந்திரத்தைப் பற்றியே ஒரு தீர்ப்பு உண்டு. கர்நாடகத்து வீடியோ விளையாட்டு நிலையங்களுக்கு உரிமம் வேண்டுமா என்ற எம்.ஜே. சிவானி வழக்கில், 1995-ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றம் கவனித்த விஷயங்களுள் முக்கியமான ஒன்று, இயந்திரத்தின் உள்ளமைப்பை அதை வைத்திருப்பவர் மாற்றியமைத்து, எவ்வளவு சமர்த்தன் ஆடினாலும் தோற்கும்படி செய்துவிடக்கூடும் என்பதே. சீட்டாட்டத்தில் எதிரி கள்ளத்தனம் செய்தால் கையைப் பிடித்துவிடலாம். பெட்டிக்குக் கை ஏது?

சரி, பெட்டியே இல்லாமல் இதைச் செய்ய முடியாதா என்று யோசித்தவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள். ‘கோன் பனேகா கரோர்பதி’ என்ற இந்தி வினாடி வினா நிகழ்ச்சியின் மூன்றாம் பருவம், ஷாருக்கானைத் தொகுப்பாளராகக்கொண்டு, 2007 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஓடியபோது, வீட்டில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. நான்கில் ஒரு விடையைக் குறுஞ்செய்தியாக அனுப்பவேண்டும். செய்தி ஒன்றுக்குக் கட்டணம் ரூ.2.40. சரியான விடை அனுப்பியவர்களுள் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்து 2 லட்சம் ரூபாய் பரிசு. பாலர் வகுப்புப் பிள்ளையும் விடை சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டு, பிறகு குலுக்கிப் போட்டால், அறிவு எங்கே நின்றது, அதிர்ஷ்டம் எங்கே தொடங்கியது? தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முன் வந்த கணக்கின்படி, 5 கோடியே 80 லட்சம் குறுஞ்செய்திகள் வந்தன; அவற்றின் கட்டணம் 13 கோடியே 92 லட்சம் ரூபாய்; 52 நாட்களுக்கு வழங்கிய பரிசோ 1 கோடியே 4 லட்சம். ரூபாய்க்கு ஏழரைப் பைசா! எங்கள் பெட்டிக்கடை அட்டை இதைக் கண்டால் தன்னைத் தானதர்மஸ்தாபனம் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். ஆணையம் 2008-இல் இதை முறையற்ற வாணிபம் என்று கண்டித்து 1 கோடி ரூபாய் அபராத இழப்பீடு விதித்தது. பரிசுத் தொகை குறுஞ்செய்திக் கட்டணத்திலிருந்துதான் நேரே வழங்கப்பட்டது என்பதற்குச் சாட்சியமில்லை என்று, 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டத்தின் தராசு அப்படி. நான் குறை சொல்ல வரவில்லை. கணக்கு மட்டும் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

இவற்றுக்கெல்லாம் இடையில், 1968-இல் அரசாங்கமே தொடங்கி, நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கிய லாட்டரி 2003 ஜனவரியில் தமிழகத்தில் அடியோடு ஒழிந்தது. சிவகாசி அச்சகங்களில் காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் பக்கத்திலேயே லாட்டரிச் சீட்டும் அச்சேறியதாகையால், ஊருக்கு அது வெறும் செய்தியாக இருக்கவில்லை. பிறகு கைப்பேசி வந்தது, ரம்மி வந்தது, அதற்குத் தடை வந்தது. 2021-இல் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2022-இல் மீண்டும் ஒரு சட்டம். 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் பிரித்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டம் கூடாது என்று, எழுபது ஆண்டுக் கோட்டையே ஒரு துடைப்பில் அழித்துவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் கைப்பேசித் திரையில் கரைந்திருக்கின்றன.

நியாயம் இவ்வளவு சந்தேகமாக இருக்கையில் சுவாரஸ்யம் எங்கிருந்து வருகிறது என்பது தனி விசாரம். அந்த மதுச்சாலைப் பெட்டியின் இன்பம் பரிசில் இல்லை என்பது திண்ணம். ஒரு பவுண்டுக் காசைப் போட்டுவிட்டு நால்வர் தோளோடு தோள் நெருங்கி நின்று, ஒருவனுக்குச் சினிமா தெரியும், ஒருவனுக்குப் பூகோளம் தெரியும், இன்னொருவனுக்கு ஒன்றும் தெரியாது ஆனால் பொத்தானை அவன்தான் அழுத்துவான் என்ற ஏற்பாட்டில், ஏககாலத்தில் நான்கு விடைகளைக் கூவுவதில் இருக்கிறது. காலையில் எங்கள் ஊர் டீக்கடையில் ‘தினத்தந்தி’ தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போனபின், “அணை எப்பய்யா கட்டுனாக?” என்று ஒருவர் கேட்க, மூவர் மூன்று வருஷத்தைச் சொல்லி, டீக்கடைக்காரர் நாலாவதாக ஒன்றைச் சொல்லி, முடிவில் பஸ் வந்து தகராற்றைக் கலைத்துவிடுகிறதே, அதுவும் இதே இன்பம்தான், அங்கே நாணயம் விழுவதில்லை, டீக்காசு மட்டும் விழுகிறது. எங்கள் வட்டத்தின் தலைமையிடமான வெம்பக்கோட்டையையொட்டி, 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வில் மண்ணுக்கு அடியிலிருந்து சுடுமண் ஆட்டக்காய்களும் சில்லுவட்டுகளும் வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இவற்றைச் சுற்றி எத்தனை பேர் குந்தியிருந்து எப்படியெல்லாம் சண்டையிட்டிருப்பார்கள் என்பதே.

காசு போடும் இயந்திரங்களில் எனக்கு நிஜமாகவே பிரியமான ஒன்று உண்டு. ரயில் நிலையப் பிளாட்பாரத்தில், வண்ண விளக்குகள் மினுக்க, சக்கரம் கிறுகிறுவென்று சுழல நின்ற எடை பார்க்கும் இயந்திரம். ஏறி நின்று நாணயத்தைப் போட்டால் உள்ளே ‘கடக்’கென்ற ஒரு சப்தத்தோடு கனத்த சீட்டு வெளியே விழும், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நம் குணாதிசயமோ எதிர்காலமோ. ‘தாங்கள் பரோபகாரி, விரைவில் தனலாபம்’ என்று அது சொல்லாத மனிதன் தென்னிந்தியாவில் இருந்திருக்க மாட்டான். அது பொய் சொன்னது என்பதை யாவரும் அறிவர். ஆனால் எல்லோருக்கும் ஒரே தரத்துப் பொய்யைச் சொன்னது, முன்னால் ஏறியவனுக்கு நல்ல காலம் எழுதிக் கொடுத்துவிட்டோமே என்பதற்காகப் பின்னால் ஏறியவனுக்குச் சனியை எழுதித் தரவில்லை, போட்ட காசுக்கு ஒரு சீட்டையும் கொடுத்தே தீர்ந்தது.

கேள்விப் பெட்டியிடம் நான் எதிர்பார்ப்பதும் இதற்கு அதிகமில்லை. கேள்விகள் எங்கிருந்து வருகின்றன, எத்தனை படி ஏறினால் எவ்வளவு, விழுந்த நூறில் எத்தனை திரும்பும் என்பதை நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டு, அப்புறம் எவ்வளவு கடினமான கேள்வியை வேண்டுமானாலும் அது கேட்கட்டும்; நானும் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவேன். இங்கிலாந்திலும் அந்தப் பெட்டிகள் இப்போது அருகிவிட்டன. சட்டைப்பையில் உலக ஞானம் அனைத்தையும் வைத்துக்கொண்டு அலைபவனிடம் கேள்வி கேட்டு என்ன பயன்?

பிரைஸ் அட்டையிடம் ஒரு சௌகரியம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார். கூலி நாள் மாலையில் கையிலிருந்த நாணயத்தை உடனே நீட்டிவிடாமல், உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அட்டையை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எம்பி நின்று கேட்பாள்: “அண்ணாச்சி, அந்த வாட்ச்சு நம்பரு இன்னும் இதுக்குள்ளதான இருக்கு? சத்தியமாச் சொல்லுங்க.” அண்ணாச்சி ஒரு கணம் அட்டையைப் பார்ப்பார், ஒரு கணம் அவளைப் பார்ப்பார், பிறகு, புளி நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே விட்டுவிட்டு, “வேணாம் தாயி, மிட்டாய் வாங்கிக்க” என்பார்.