பனிக்குப் பதம் பார்ப்பது எப்படி?

பனி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மார்கழி மாசம் விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது தலையில் இறங்குமே, அது. இல்லாவிட்டால் டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை டிவியில் காட்டுவார்கள், அது. இரண்டுமே நான் சொல்லப் போகிற பனி கிடையாது. முதலாவது வெறும் நீர்த்துளி. இரண்டாவது உறைபனி, அதாவது தரையை ஒட்டியிருக்கிற ஈரம் அங்கேயே உறைந்து போவது. நான் எழுதப் போவது மேகத்திலிருந்தே படிகமாக விழுகிற பனியைப் பற்றி. காஷ்மீரி மொழியில் அதுக்கு 'ஷீன்' என்று தனிப் பெயர் இருக்கு. தமிழில் எல்லாத்துக்கும் 'பனி'தான். நமக்கு அதுக்கு மேல என்ன தேவை வந்தது, சொல்லுங்க!

என் மாமா பட்டாளத்தில் இருந்தவர். வேலூர் மாவட்டத்தில் எங்க ஊர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துக்காரங்க இருப்பாங்க. மாமா குல்மார்க்கில் பனிக்காலப் பயிற்சி எடுத்தவர். ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. 1948-இல் ஆரம்பித்தது. அவர் சொன்னதையும் நான் புத்தகங்களில் படித்ததையும் சேர்த்து எழுதுறேன்.

குல்மார்க், ஜம்மு காஷ்மீரில் பாரமுல்லா மாவட்டத்தில் பீர் பஞ்சால் மலைத்தொடரில் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. ஊர் இருக்கிற உயரமே சுமார் 2,650 மீட்டர். நம்ம தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது தமிழ்நாட்டில் எது உச்சியோ, அது அவங்களுக்குத் தரை மட்டம்! அங்கேயிருந்து பழனி ரோப் கார் மாதிரி ஒண்ணு மேலே போகிறது. 'கொண்டோலா' என்கிறார்கள். முதல் கட்டம் 1998-இல் திறந்தது, சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் கொங்டூரி வரைக்கும். இரண்டாம் கட்டம் 2005-இல் வந்தது, அஃபர்வட் மலையின் தோள் வரைக்கும், கிட்டத்தட்ட 3,950 மீட்டர். மேலே ஏறிப் போய், காலில் நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு கீழே சறுக்கி வருவதுதான் பனிச்சறுக்கு. உலகம் முழுக்க இருந்து இதுக்காகவே ஆட்கள் வருகிறார்கள்.

இப்போ விஷயத்துக்கு வரேன். சறுக்கு ஊர்களில் தினமும் காலையில் பனி அறிக்கை போடுவார்கள். நம்ம ஊரில் வைகை அணை நீர்மட்டம் போடுகிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. மொத்தப் பனி எத்தனை செ.மீ., கடந்த 24 மணி நேரத்தில் விழுந்த புதுப் பனி எவ்வளவு, மேலே எத்தனை டிகிரி, கீழே எத்தனை டிகிரி, காற்று எப்படி, எந்தக் கட்டம் திறந்திருக்கு, பனிச்சரிவு அபாயம் எந்த எண். புதுசா வர்றவங்க முதலில் பார்ப்பது மொத்த ஆழத்தைத்தான். "ஆஹா, ரெண்டு மீட்டர்!" என்று துள்ளுவார்கள். என்னைக் கேட்டால் அந்த அறிக்கையில் ரொம்பக் குறைவாகப் பயன்படுகிற எண் அதுதான்.

ஏன்னா பனி விழுந்த நிமிஷத்திலிருந்தே மாற ஆரம்பிக்கும். புதுசாக, நல்ல குளிரில் விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். பொதுவாக 10 மி.மீ. மழைக்குச் சமமான தண்ணீர் பனியாக விழுந்தால் தரையில் 10 செ.மீ. உயரம் நிற்கும். சறுக்குகிறவர்கள் உயிரை விடுகிற 'பவுடர்' என்பது இதுதான், பலகைக்கு அடியில் கோலமாவு மாதிரி பறக்கும். பகல் வெயிலில் இளகி ராத்திரி மறுபடி உறைந்தால் அதே பனி காலையில் கண்ணாடி மாதிரி கெட்டி. விழுந்தால் முட்டி பேரும். அதே இடம் பத்து, பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் இளகினால் அருமையாக இருக்கும். மத்தியானம் மூணு மணிக்கு ஐஸ் வண்டிக்காரர் சீவிக் கொடுக்கிற ஐஸ் மாதிரி கொழகொழன்னு ஆயிடும். மார்ச் மாசத்தில் ஒரே நாளில் ஒரே சரிவில் இந்த மூணையும் பார்க்கலாமாம். அறிக்கையில் ஆழம் மட்டும் அன்றைக்கு முழுக்க ஒரே எண்தான்!

பதம் பார்க்க மாமா சொன்ன வழி சுலபமானது. கையில் ஒரு பிடி பனி எடுத்து அமுக்கணும். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் காய்ந்த பனி. உருண்டை நின்றால் ஈரப் பனி. அமுக்கும்போது விரல் இடுக்கில் தண்ணி வழிந்தால் சொதசொதப் பனி. "உங்க அம்மா புட்டு மாவு பிசையும்போது பிடிச்சுப் பிடிச்சுப் பார்ப்பாளே மாப்ள, அதே கதைதான்" என்றார். இது ஒண்ணு போதும், எனக்குப் புரிஞ்சிடுச்சு.

அடுத்து உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சராசரியாக 6.5 டிகிரி குளிர் கூடும் என்று பூகோளத்தில் படித்திருக்கோம். குல்மார்க்கில் கொண்டோலாவின் அடிக்கும் உச்சிக்கும் 1,300 மீட்டர் வித்தியாசம். கணக்குப் போட்டால் சுமார் எட்டரை டிகிரி. கீழே பிளஸ் 2 டிகிரியில் மழை தூறிக்கிட்டிருக்கும்போது மேலே மைனஸ் 6-இல் பவுடர் கொட்டும். அதனால்தான் அறிக்கையில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் தனித்தனியாகப் போடுகிறார்கள்.

இதுவரைக்கும் சொன்னது ஜாலியாகச் சறுக்குவதற்கு. இனிமேல் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

பனி ஒரே மொத்தையாகக் கிடப்பதில்லை. அடுக்கு அடுக்காக இருக்கும், ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சம் பனி விழுந்து, அப்புறம் பல நாள் வானம் வெறிச்சோடிக் கடுங்குளிர் அடிக்குதுன்னு வைங்க. பனிக்கு அடியில் இருக்கும் மண் கிட்டத்தட்ட 0 டிகிரி. மேற்பரப்போ மைனஸ் 15. பனி மெல்லிசாக இருக்க இருக்க இந்த வித்தியாசம் ரொம்பக் குறுகிய தூரத்துக்குள் நடக்கும். அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, அங்கங்கே கோணல் கோணலான பெரிய மணிகளாக உறையும். ஒண்ணோடு ஒண்ணு ஒட்டாது. கையில் எடுத்தால் சர்க்கரை மாதிரி உதிரும். இதுக்கு மேல் ஜனவரி, பிப்ரவரியில் ஒரேயடியாக ஒரு மீட்டர் பனி கொட்டினால்? சர்க்கரை மேல் பாறாங்கல் பலகையை வைத்த கதை. பனி கம்மியாக இருந்தால் ஆபத்தும் கம்மி என்றுதானே நாம நினைப்போம்? கம்மியாகத் தொடங்கிய குளிர்காலம்தான் இப்படி அடித்தளத்தைக் கெடுத்து வைக்கிறது.

காற்றும் சேர்ந்துகொள்ளும். மலை முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டி, கெட்டியான பலகையாக்கிவிடும். வானத்திலிருந்து ஒரு துளி விழாமலே ஒரு சரிவில் பாரம் ஏறிவிடும். அறிக்கையில் 'புதுப் பனி 0' என்றுதான் இருக்கும்.

எந்தச் சரிவில் இது நடக்கும்? உங்க காம்பஸ் பாக்ஸைத் திறங்க. உள்ளே இரண்டு மூலைமட்டங்கள் இருக்கும். ஒன்றில் 30 டிகிரி, இன்னொன்றில் 45 டிகிரி. பலகைப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கோணங்களுக்கும் நடுவில்தான் நடக்கின்றன. 30-க்குக் கீழே சாய்வு போதாது. ரொம்பச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அப்பப்போ உதிர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் நல்லா சறுக்குகிறவர்களுக்குப் பிடித்த சாய்வும் இதேதான்.

எடை எவ்வளவு வரும்? 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் கனத்தில் ஒரு பலகை பெயருதுன்னு வெச்சுக்குவோம். 1,250 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ என்றால் 250 டன், பத்து டன் லாரி 25! அதைக் கிளப்பிவிட ஒரே ஒரு ஆள் போதும். சறுக்குப் பகுதிக்கு வெளியே சிக்குகிறவர்களில் பெரும்பாலோர், தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் மாட்டுகிறார்கள். கிளம்பும் முன் சில சமயம் காலடியில் 'உம்ஃப்' என்று ஒரு சத்தம் வரும், பனியில் விரிசல் கீறிக்கொண்டு ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் பேச்சே கிடையாது, திரும்பிடணும் என்பார் மாமா.

2010 பிப்ரவரி 8 அன்று அஃபர்வட்டுக்குக் கீழே கிலன்மார்க்கில் அந்த ராணுவப் பள்ளியின் பயிற்சி வீரர்கள் மேலேயே பனிச்சரிவு விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். பனியிலேயே பயிற்சி எடுப்பவர்கள்! 2023 பிப்ரவரி 1 அன்று போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் அஃபர்வட்டில் இறந்தார்கள். 2024-இல் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். அந்த ஜனவரியில் பெரும்பகுதி குல்மார்க்கில் பனியே இல்லை. புல் தரை தெரிந்தது, சுற்றுலாக்காரர்கள் வரவில்லை, குதிரைக்காரர்களும் சறுக்கு வண்டி இழுப்பவர்களும் வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாதக் கடைசியில்தான் பனி வந்தது. பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் கொட்டித் தீர்த்தது. 22-ஆம் தேதி பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் இறந்தார்.

அபாய எண்ணுக்கு வருவோம். 1 முதல் 5 வரை போடுவார்கள். 5-தான் உச்சம். ஆனால் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் நிறையப் பேர் சாவது 3-இல். 5 போட்டால் யாரும் வீட்டை விட்டு வெளியே வர மாட்டாங்க. 3 என்றால், நம்ம கணக்குப் பரீட்சையில் நடுவாக மார்க் வாங்கின மாதிரி, "பரவாயில்லை" என்று தோன்றிவிடும். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆபத்து பல மடங்கு கூடும். அதனால் 3 என்பது பாதி ஆபத்து கிடையாது. குல்மார்க்கில் கொண்டோலாவுக்குப் பக்கத்துச் சரிவுகளை மட்டும்தான் ரோந்துக் குழு கவனித்துப் பாதுகாக்கிறது. அஃபர்வட்டின் மற்ற பக்கங்களுக்குப் போனால் அவரவர் பொறுப்பு.

அப்படிப் போகிறவர்கள் மூன்று சாமான் இல்லாமல் போகக் கூடாது. 457 கிலோ ஹெர்ட்ஸில் சிக்னல் கொடுக்கும் சின்ன ரேடியோ, பனிக்குள் குத்திப் பார்க்க நீளக் குச்சி, ஒரு மண்வெட்டி. புதைந்தவரை 10 நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் வருவதுக்குள் நேரம் முடிஞ்சிடும். பக்கத்தில் இருக்கிற நண்பன்தான் தோண்டணும்.

சர்க்கரை அடுக்கு விஷயத்தை நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பரீட்சை அட்டை மேல் ஒரு நோட்டை வைத்து மெதுவாகச் சாய்த்து, எந்தக் கோணத்தில் வழுக்குது என்று கோணமானியால் அளங்க. அப்புறம் நடுவில் ஒரு பிடி ரவையைப் பரப்பிவிட்டு மறுபடி சாயுங்க. (சர்க்கரையில் செய்தால் அம்மாகிட்ட திட்டு விழும்.) நான் அளந்த கோணங்களை இங்கே எழுதப் போவதில்லை. இயற்பியல் சார்கிட்ட கேட்டாச்சு, வியாழக்கிழமை மதிய இடைவேளையில் லேப் திறந்திருக்கும். ரவை நான் கொண்டு வரேன். அட்டை, நோட்டு உங்களோடது.