வளரும் பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்கலாமா?

அண்மைக்காலமாக லயங்களுக்குப் போகும்போது தாய்மார் எங்களிடம் புதுவிதமான ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஐயா, சோறு, ரொட்டி சாப்புட்டா சீனி வருத்தம் வருமாமே, புள்ளைக்கும் இப்பவே நிப்பாட்டவா?" கொழும்பில் வேலை செய்யும் மகள் சொல்லியிருப்பாள், அல்லது கைத்தொலைபேசியில் யாரோ பேசியதைக் கேட்டிருப்பார்கள். சில வீடுகளில் அப்பாவுக்கு நீரிழிவு. டாக்டர் அவருக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். ஒரே அடுப்பு, ஒரே பானை என்பதால் வீடு முழுவதற்கும் சோறு குறைந்துவிட்டது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் சிலர், கூடப் படிப்பவர்கள் "குண்டு" என்று கேலி பண்ணியதற்காகக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மலையேறிப் பள்ளிக்கூடம் போவதையும் காண்கிறோம். ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத நினைத்தோம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறோம். வளரும் பிள்ளைக்கு மாச்சத்தைப் பெரிதாகக் குறைக்கும் சாப்பாடு பொருந்தாது. சீனியைக் குறைப்பது வேறு விஷயம். அதைப் பற்றிப் பின்னால் வருவோம்.

மாச்சத்து என்பது சோறு, கோதுமை மா ரொட்டி, குரக்கன், மரவள்ளி, உருளைக்கிழங்கு, பலாக்காய் இவற்றில் இருப்பது. பழத்திலும் பாலிலும் இருக்கும் இனிப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். உடம்பு இதைக் குளுக்கோஸாக மாற்றி எரிக்கிறது. ஐந்து வயதளவில் ஒரு பிள்ளை செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மூளைக்கே போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் 2014இல் கணக்கிட்டார்கள். பெரியவர்களின் மூளைக்கு இவ்வளவு பங்கு போவதில்லை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு 130 கிராம் மாச்சத்தாவது வேண்டும் என்பது அமெரிக்க, கனடா நிபுணர்கள் வைத்துள்ள அளவு. 130 கிராம் சோறு என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. சமைத்த சோறு 100 கிராமில் மாச்சத்து 28 கிராம் அளவுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர்.

மாச்சத்து போதாவிட்டால் என்ன நடக்கும்? உடம்பு கொழுப்பை எரிக்கும், அதோடு புரதத்தையும் எரிக்கும். முட்டையிலும் பருப்பிலும் வரும் புரதம் பிள்ளையின் தசையையும் இரத்தத்தையும் எலும்பையும் கட்டுவதற்கு உரியது. அதை அடுப்பில் போடுவது, விறகு இல்லையென்று வீட்டுக் கதவைக் கழற்றி எரிப்பது மாதிரி. பெரியவருக்குக் கதவு ஏற்கெனவே செய்து முடிந்துவிட்டது. பிள்ளைக்கு இன்னும் வீடே கட்டி முடியவில்லை.

"அப்படியானால் ஆஸ்பத்திரியிலேயே சில பிள்ளைகளுக்கு இப்படிக் கொடுக்கிறார்களாமே?" என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள சில பிள்ளைகளுக்கு மாச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிக் கொடுக்கும் முறை 1921ஆம் ஆண்டிலிருந்து உண்டு. அது வைத்தியம். அளந்து, இரத்தம் சோதித்து, நிபுணர் பார்வையில் செய்வது. அப்படியும் சில பிள்ளைகளுக்கு வளர்ச்சி குறைகிறது, சிறுநீரகத்தில் கல் உண்டாகிறது. கேள்விப்பட்டதை வைத்து வீட்டில் செய்து பார்க்கிற காரியமில்லை.

நீரிழிவு உள்ள பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்குக்கூட வைத்தியரின் நெருங்கிய கண்காணிப்பு இல்லாமல் மாச்சத்தை மிகவும் குறைக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. இன்சுலின் ஊசி போடும் பிள்ளைக்கு ஊசி அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி, வேர்த்து, நடுங்கி, மயக்கம் போட்டு விழலாம். உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் லயத்தில் இருந்தால் அயலவர்களும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நமது தோட்டத்து நிலைமைக்கு வருவோம். 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதற்கும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 100க்கு 32 பேர் அளவில் இருந்தார்கள். இந்தப் பிள்ளைகள் சோறு கூடிப்போய்க் குட்டையாகவில்லை. தட்டில் சோறும் ரொட்டியும் இருக்கிறது, பக்கத்தில் வைப்பதற்கு ஒன்றும் இல்லை. காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், மத்தியானம் சோறும் கிழங்குக் குழம்பும், ராத்திரிக்கு மறுபடி ரொட்டி. இதில் சோற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சம்பல்தான். சம்பளக் கணக்கை வைத்துப் பார்க்காமல் "தினமும் மீன், இறைச்சி கொடுங்கள்" என்று எழுதுவது எங்களுக்கும் சுலபம். அப்படி எழுத மாட்டோம்.

செய்யக்கூடியது இது. ரொட்டிக்கு மா பிசையும்போது அவித்து மசித்த பருப்பு ஒரு பிடி, அல்லது முருங்கைக்கீரையை நறுக்கிச் சேர்த்துப் பிசையுங்கள். நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்துப் போத்தலில் வைத்தால், ஒரு கரண்டி சோற்றில் பிசையலாம். முள்ளோடு இடிப்பதால் கல்சியமும் கிடைக்கும். உப்பு இருப்பதால் கழுவி வறுக்க வேண்டும், குழம்புக்கு உப்பைக் குறைக்க வேண்டும். பயறு, கௌபி, கடலை இவற்றை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் சீக்கிரம் வெந்துவிடும், விறகும் மிச்சம். வாரத்தில் இரண்டு மூன்று முட்டை வாங்க முடிந்தால் முதலில் சின்னப் பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் கொடுங்கள். (நமது வீடுகளில் முட்டை பெரும்பாலும் தகப்பனின் தட்டுக்குப் போவதை நாங்கள் பார்க்காமல் இல்லை.) சின்னப் பிள்ளையின் வயிறு சிறியது. தண்ணிக் கஞ்சியாக ஊற்றாமல் கெட்டியாகப் பிசைந்து, தேங்காய்ப்பாலோ எண்ணெயோ ஒரு கரண்டி விட்டு, நாளுக்கு ஐந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். காலையில் பிள்ளை மடுவத்தில் விடும்போது என்ன சாப்பிட்டது என்று அங்குள்ள பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனால் அவரும் பார்த்துக்கொள்வார்.

குறைக்க வேண்டியது சீனியை. பால் போத்தலில் சாயத்தண்ணி ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டுப் பிள்ளையின் வாயில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மூன்று தடவை கொடுத்தால் ஆறு கரண்டி, ஏறக்குறைய 25 முதல் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன எல்லையின்படி இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்கே உச்சம் 25 கிராம் அளவுதான். பசி அடங்கிவிடும், பல் சொத்தையாகும், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தேயிலைச் சாயம் தடுக்கும். தேயிலையால் நாம் பிழைக்கிறோம், ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சாப்பாடு இல்லை. சோடா, டொபி, கிரீம் பிஸ்கட் இவையும் இதே கணக்குத்தான்.

உண்மையாகவே எடை கூடிய பிள்ளைக்கும் பட்டினி வேண்டாம். இனிப்புப் பானத்தையும் பொரித்த பண்டத்தையும் நிறுத்தி, ஓடி விளையாட விட்டால், எடை அப்படியே நிற்க உயரம் கூடக்கூடச் சரியாகி வரும். நீரிழிவுள்ள தகப்பனுக்குச் சமைக்கும்போது பானையைக் குறைக்காமல் அவருடைய தட்டில் மட்டும் சோற்றைக் குறைத்துக் கீரையையும் காய்கறியையும் கூட்டுங்கள்.

கிளினிக் புத்தகத்தில் உள்ள எடைக்கோட்டைப் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு மேலே ஏறாமல் நின்றாலோ, கீழே இறங்கினாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம், குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பெரட்டு முடிந்த பிறகு எங்கள் அலுவலகத்துக்கும் புத்தகத்தோடு வரலாம்.