பேட்டரியை மாற்றும் முன் அளந்து பார்ப்போம்

கடந்த ஆண்டு ஜூலையில், போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் சாலையில், ஒரு வளைவில் ஹாரன் அடித்தேன். சத்தமே வரவில்லை. எதிரே இறங்கி வந்த லாரி ஓட்டுநர்தான் என்னைக் கவனித்து ஒதுங்கினார். பள்ளிக்கு வந்து வருகைப்பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதும் கை நடுங்கியது.

அந்த பேட்டரி வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தையது ஆறு மாதம் உழைத்தது. இரண்டுக்கும் சேர்த்து 2,400 ரூபாய். கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றே சக ஆசிரியர்களிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

மதிய இடைவேளையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வண்டியருகே வந்தான். விடுமுறை நாள்களில் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் இருப்பவன். முதல் இடைத்தேர்வில் அறிவியலில் தோல்வி.

“புது பேட்டரி போட்டீங்க சரி. வண்டி அதுக்கு சார்ஜ் குடுக்குதான்னு பாத்தீங்களா சார்?”

“ஹெட்லைட் பளிச்சுன்னு எரியுதேப்பா. சார்ஜ் ஏறாமலா எரியும்?”

“இந்த வண்டியில ஹெட்லைட் பேட்டரியில எரியாது சார். மேக்னட் காயில்லேர்ந்து நேரா வருது. ஹாரன், இண்டிகேட்டர், செல்ஃப் இதெல்லாந்தான் பேட்டரி.”

பதினைந்து ஆண்டுகளாக மாறுதிசை மின்னோட்டமும் நேர்திசை மின்னோட்டமும் நடத்தி வருகிறேன். என் வண்டியில் எது எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் சொன்னது இதுதான். எஞ்சின் சுழலும்போது காந்தம் கம்பிச் சுருளைச் சுற்றி ஓடுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். சுருளில் மாறுதிசை மின்னோட்டம் உண்டாகிறது. பேட்டரிக்கு அது நேர்திசையாக மாற வேண்டும். அளவுக்கு மீறாமலும் இருக்க வேண்டும். இரண்டையும் செய்வது ரெகுலேட்டர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறு பெட்டி. என் 2014ஆம் ஆண்டு 100 சி.சி. வண்டி போன்ற பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குத் தனி வழி. அதனால் பேட்டரி செத்தாலும் விளக்கு எரியும். உதைத்தால் வண்டியும் கிளம்பும். கோளாறு மாதக்கணக்கில் வெளியே தெரியாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகள் பெரும்பாலும் எரிபொருளைப் பீய்ச்சும் மின்பம்பு உள்ளவை. அவற்றில் பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்துவிடும்.

ஆய்வக அலமாரியிலிருந்த மல்டிமீட்டரை எடுத்து வந்தோம். நேர்திசை மின்னழுத்தத்தில் 20 வோல்ட் அளவில் திருப்பி, சிவப்பு முனையை நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் வைத்தால் போதும். வண்டி ஓட்டி வந்தவுடன் அளந்தால் மின்னழுத்தம் சற்றுக் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். சில மணி நேரம் நின்ற பிறகு அளக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி என்கிறோமே தவிர, உள்ளே ஆறு மின்கலங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆகவே முழுதாக ஏறிய பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12.4 என்றால் கால்பங்கு இறங்கிவிட்டது. 12.0 என்றால் ஏறத்தாழக் காலி. என்னுடையது 11.9.

அடுத்தது முக்கியமான அளவு. எஞ்சினை ஓடவிட்டு, மெல்ல முறுக்கி, அதே முனைகளில் பார்க்க வேண்டும். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. 13ஐத் தாண்டவே இல்லையென்றால் ஏறவில்லை. 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பேட்டரி சூடாகி, உள்ளே நீர் வற்றிவிடும். இவ்விரண்டிலும் புது பேட்டரி வாங்குவது காசைக் கரியாக்குவதுதான். என் வண்டியை எவ்வளவு முறுக்கியும் மீட்டர் 11.9ஐ விட்டு அசையவில்லை.

அவன் ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரைக் கழற்றிக் காட்டினான். பேட்டரிக்குச் செல்லும் ஒரு முனை மட்டும் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. மாலையில் அவன் மாமா புதுக் கப்ளர் மாட்டினார். 150 ரூபாய். மீட்டர் 14.2 காட்டியது.

கடைக்காரரைப் பற்றி நான் பேசிய பேச்சையெல்லாம் மனத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆனால் பேட்டரி பிழைக்கவில்லை. மின்சாரம் இறங்கும்போது உள்ளேயுள்ள காரீயத் தகடுகளில் காரீய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரையும். நாள்கணக்கில் விட்டால் இறுகிவிடும். இரவு முழுக்க மெதுவாக ஏற்றியும் 12.3ஐத் தாண்டவில்லை. ஆக, மூன்றாவது பேட்டரி. இந்த முறை விவரத்தோடு போனேன்.

முதலில் பார்க்க வேண்டியது ஆம்பியர் மணி. கிக்கர் மட்டுமுள்ள சிறிய வண்டிக்கு 2.5 அல்லது 3 போதும். செல்ஃப் உள்ள 100, 125 சி.சி. வண்டிகளுக்குப் பெரும்பாலும் 4 அல்லது 5. பழைய பேட்டரியின் மேலேயோ வண்டியின் கையேட்டிலோ எழுதியிருக்கும். அதையே வாங்குவது நல்லது. பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று எனக்கும் ஆசை வந்தது. பெட்டிக்குள் அடங்காது. அடங்கினாலும் நேர்முனை மறுபக்கம் இருந்தால் வயர் எட்டாது. இழுத்து மாட்டினால் உரசித் தீப்பொறி வரும். பிராண்டைவிடத் தயாரித்த மாதத்தைத்தான் நான் பார்ப்பேன். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் கிடந்த சீல் செய்த பேட்டரியை, மின்னழுத்தத்தை அளந்து பார்க்காமல் வாங்க மாட்டேன்.

ஆசிட் ஊற்றும் வகை விலை குறைவு. ஆனால் மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. நான் மறதிக்காரன், சீல் செய்ததையே எடுத்தேன். ஆசிட் வகை வாங்குபவர்கள் ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். ஊற்றியதும் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொடுப்பார்கள். அரைமணி நேரமாவது ஊறவிட்டு, பின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 5 ஆம்பியர் மணிக்கு 0.5 ஆம்பியரில், சில மணி நேரம் ஏற்றித் தரச் சொல்லுங்கள். கடையில் விட்டுவிட்டு மறுநாள் வாங்கினாலும் தவறில்லை.

கழற்றும்போது எதிர்முனையை முதலில், மாட்டும்போது கடைசியில். ஏன் என்று வகுப்பில் கேட்டேன். வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது; நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் குறுக்குச்சுற்று. பதில் சொன்னது அதே மாணவன்தான்.

அந்த வாரம் மின்னோட்டப் பாடத்தை வண்டி நிறுத்துமிடத்தில் நடத்தினோம். இரண்டு மீட்டர், ஒன்பது வண்டிகள். ஓடும் எஞ்சினில் சங்கிலிப் பக்கமோ சைலன்சர் பக்கமோ யாரும் நிற்கக் கூடாது. முறுக்குவது வண்டிக்குரியவர் மட்டும். குழுக்குழுவாக அளந்து அட்டவணையில் எழுதினார்கள். மூன்று வண்டிகள் ஓய்வில் 12.4க்குக் கீழே. அவற்றில் இரண்டு ஓடும்போது 14ஐத் தொட்டன. ஆசிரியர்களைக் கேட்டால், பள்ளிக்கு வீடு ஒரு கிலோமீட்டர்தானாம். செல்ஃப் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. மூன்றாவது தலைமை ஆசிரியருடையது. 15.6 காட்டியது.

“ஐயா, இதை இன்னைக்கே மாமாகிட்ட விட்டுட்டுப் போங்க” என்றான் அவன். தலைமை ஆசிரியர் அன்று மாலை என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். அந்த வளைவில் ஹாரன் அடித்தேன்.